‘ஆன்சிலரி சர்வீஸ்’: தமிழில் என்ன சொல்வது?

மின்துறையில் ‘ஆன்சிலரி சர்வீஸ்’ என்றுதான் புழங்குகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் ‘துணைச் சேவை’ என்கிறார்கள். யூனிட் கணக்கில் விற்கும் மின்சாரத்தை இந்தச் சொல் குறிப்பதில்லை. கிரிட், அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்வலை, குலையாமல் நிற்க மின்நிலையங்கள் செய்துதரும் வேலையைக் குறிக்கிறது: அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸை ஒட்டிப் பிடித்து வைப்பது, வோல்டேஜைத் தாங்குவது, எல்லாம் இருண்டுபோனால் வெளி மின்சாரம் இல்லாமலே நிலையத்தைக் கிளப்புவது.

லத்தீனில் ‘ஆன்கில்லா’ என்றால் பணிப்பெண். ‘ஆன்சிலரி’க்கு வேர் அதுதான். 1996இல் அமெரிக்கக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், மின்பாதைகளை எல்லா உற்பத்தியாளர்களுக்கும் திறந்துவிட்ட தன் 888ஆம் ஆணையில், ஆறு வேலைகளை இந்தப் பெயரின்கீழ் வரையறுத்தது. உற்பத்தியும் கம்பியும் ஒரே கையில் இருந்தவரை இவற்றுக்குத் தனி விலை தேவைப்படவில்லை.

விலை ஏன் வேண்டும்? 500 மெகாவாட் அனல் அலகு ஒன்றைப் பாருங்கள். அதன் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. கிரிட்டில் தேவை உற்பத்தியை மிஞ்சி அதிர்வெண் 49.9க்கு இறங்கினால் சுற்று 2,994 ஆகும். டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதை உணர்ந்து நீராவி வால்வைத் திறக்கும். 5 சதவீத ‘டிரூப்’ (வேகம் 5 சதவீதம் குறைந்தால் அலகின் முழுத் திறன் அளவுக்கு உற்பத்தியைக் கூட்டும் அமைப்பு) வைத்திருந்தால் கூடுதலாக 20 மெகாவாட் வர வேண்டும். ஆனால் வால்வு ஏற்கெனவே முழுக்கத் திறந்திருந்தால் எதுவும் வராது. கவர்னர் இருந்தும் பயனில்லை. அந்த 20 மெகாவாட்டை எப்போதும் கையிருப்பாக விட்டுவைத்தால் மணிக்கு 20,000 யூனிட் விற்பனை போகிறது. அதை ஈடுகட்டாத சந்தையில், விதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், வால்வு முழுக்கத் திறந்தேதான் கிடக்கும்.

இந்தியாவில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 விதிமுறைகள் இந்தச் சேவைகளை முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை என்று பிரிக்கின்றன. இரண்டாம்நிலைச் சேவை தருபவர், கிரிட்டை இயக்கும் மையத்திலிருந்து சிக்னல் வந்த 30 நொடிக்குள் அசையத் தொடங்கி, 15 நிமிடத்துக்குள் முழு அளவை எட்ட வேண்டும். சிக்னலை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றினார் என்பதைப் பார்த்துத்தான் ஊக்கத்தொகை. இது நல்ல வடிவமைப்பு. வெறும் கொள்ளளவுக்குப் பணம் கொடுத்தால், மந்தமான எந்திரமும் சுறுசுறுப்பான பேட்டரியும் ஒரே கூலி வாங்கும்.

இன்னும் விலை தெளிவாகாதது நிலைமம், அதாவது அதிர்வெண் சட்டென்று மாறாமல் தடுக்கும் தன்மை. கனத்த ரோட்டர் சுழலும்போது இலவசமாகக் கிடைத்து வந்தது. இன்வெர்ட்டர் வழியாக வரும் சூரிய மின்சாரத்தில் அது தானாகக் கிடைப்பதில்லை. பிரிட்டனின் கிரிட் இயக்குநர் 2020 ஜனவரியில், மின்சாரம் உற்பத்தி செய்யாமல் சுழன்று மட்டும் கொடுக்கும் எந்திரங்களுக்கு 6 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘துணை’யில் ஒரு சிக்கல் உண்டு. ‘துணைமின் நிலையம்’, ‘துணை ஆட்சியர்’ என்னும்போது அது ‘அடுத்த நிலை’ என்றாகிறது. ‘துணைக்கு வா’ என்னும்போதோ பக்கத்தில் நின்று காப்பது. நமக்கு வேண்டியது இரண்டாவது பொருள். ‘உறுதுணை’ என்றால் குழப்பம் தீரும். ‘சேவை’யும் பொருந்தவில்லை. காசு வாங்காமல் செய்வது என்ற வாடை அதில் இருக்கிறது, இங்கே பேச்சே கூலியைப் பற்றி. ‘பணி’க்கு ஊதியம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே ‘உறுதுணைப் பணி’ என்பதே எங்கள் பரிந்துரை. அதன் சந்தை ‘உறுதுணைப் பணிச் சந்தை’. மேலே பார்த்த 20 மெகாவாட் போல, சுழலும் எந்திரத்தில் விட்டுவைக்கும் கையிருப்பான ‘ஸ்பின்னிங் ரிசர்வ்’ ‘சுழல் இருப்பு’.