உறுமல், கீச்சல், சீறல்: வீட்டில் செய்த கிட்டார் பெடலின் இரைச்சலைக் காதால் கண்டுபிடிப்பது

கிட்டாரின் ஒலியை மாற்றும் சிறு பெட்டிதான் பெடல். வீட்டிலேயே சால்டரிங் செய்து முடித்த பெடலில் கிட்டாரைச் செருகியதும், கிட்டாரோடு வேறொன்றும் சேர்ந்து கேட்கும். சிலருக்கு ‘ம்ம்ம்’ என்ற உறுமல், சிலருக்கு ‘உஸ்ஸ்’ என்ற சீறல். ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் செய்தவருக்குக் காதைக் கிழிக்கும் ‘கீஈஈ’. உடனே பலரும் செய்வது, சிக்னலைப் பெருக்கும் சில்லான ஐசியைக் கழற்றிவிட்டு விலை கூடிய வேறொரு ஐசி போடுவது. பெரும்பாலும் அது வீண் வேலை. இரைச்சல் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை அதன் ஒலியே ஓரளவு சொல்லிவிடும். அதைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்கினால் போதும்.

முதலில், இரைச்சல் ஏன் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது? கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கிட்டார் பிக்கப்பிலிருந்து 0.1 வோல்ட் சிக்னல் வருகிறது, அதோடு 10 மைக்ரோவோல்ட் இரைச்சலும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் இரைச்சலைவிட 10,000 மடங்கு பெரியது, எனவே இரைச்சல் காதில் விழாது. இப்போது 1000 மடங்கு பெருக்கும் டிஸ்டார்ஷன் பெடலை நடுவில் வைப்போம். இரைச்சல் 10 மில்லிவோல்ட் ஆகிவிடும். சிக்னல் 100 வோல்ட் ஆக வேண்டும், ஆனால் டயோடுகள் அதை 0.6 வோல்ட்டிலேயே வெட்டிவிடுகின்றன. 10,000 மடங்கு இடைவெளி 60 மடங்காகச் சுருங்கிவிட்டது. டிஸ்டார்ஷன் பெடல் இரைச்சலை உண்டாக்காவிட்டாலும், ஏற்கெனவே இருந்ததை மேலே தூக்கிக் காட்டிவிடும். அதனால் பெடலின் வாசலில், முதல் ஸ்டேஜுக்கு (சிக்னலைப் பெருக்கும் முதல் படிக்கு) முன்னால் நுழைகிற எதுவும்தான் பெரிய எதிரி. கடைசி ஸ்டேஜில் இருக்கும் ஐசியை மாற்றிப் பயனில்லாமல் போவதும் இதனால்தான்.

உறுமலுக்கு வருவோம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த அடாப்டரில் அது டயோடு பிரிட்ஜ் வழியாக வரும்போது, அலையின் இரு பாதிகளும் ஒரே பக்கம் திரும்பி 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் அதைச் சமன்செய்ய வேண்டும். கெபாசிட்டர் சிறியதாகவோ வறண்டோ போயிருந்தால் மிச்சம் மீதி பெடலுக்குள் வந்துவிடும். கிட்டார்காரருக்கு இதை அளக்க மீட்டர் தேவையில்லை. ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தி மீட்டினால் 98 ஹெர்ட்ஸ், அதாவது ஜி ஸ்வரம். உறுமல் அதோடு கிட்டத்தட்ட ஒட்டிப்போய், சுருதி மிகச் சிறிது ஏறி நின்றால் அது 100 ஹெர்ட்ஸ். சந்தேகம் அடாப்டர் மீது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, கரகரப்பான மேல்ஸ்வரங்களோடு கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ். வயர் வழியாகவோ பிக்கப் வழியாகவோ காற்றிலிருந்து வருகிறது.

இதை உறுதிசெய்ய அடாப்டரைப் பிடுங்கிவிட்டு 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், பெடல் செய்பவர் முதலில் கற்க வேண்டிய சோதனை இதுதான். உறுமல் நின்றுவிட்டால் குற்றம் மின்வழங்கலில். மின்சாரம் நுழையும் இடத்தில் 100 ஓம் ரெசிஸ்டரும், அதன் பின்னால் கிரவுண்டுக்கு (சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் பொது வயருக்கு) 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டால் 100 ஹெர்ட்ஸ் ஆறில் ஒரு பங்காகக் குறையும். 5 மில்லிஆம்பியர் குடிக்கும் பெடலுக்கு இதனால் இழப்பு அரை வோல்ட் மட்டுமே. ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஒரு வகை ஐசி) வைத்த பெடலில் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். 9 வோல்ட்டை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பாதியாக்கி 4.5 வோல்ட் எடுப்பார்கள். முழு சிக்னலும் சாய்ந்து நிற்பது அந்த 4.5 வோல்ட்டின் மேல்தான். அங்கிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இல்லாவிட்டால், அல்லது கால் சரியாகப் பிடிக்காமல் இருந்தால், அடாப்டரின் உறுமலில் பாதி நேராக சிக்னலில் கலந்துவிடும். இருந்தால் அது மேலும் 150 மடங்கு தேய்ந்துபோகும்.

பேட்டரியிலும் உறுமல் நிற்கவில்லையா? கிட்டாரைக் கழற்றிவிட்டு, டிப்பும் (பிளக்கின் நுனி) ஸ்லீவும் (அதன் உடல்) சேர்த்து இணைத்த ஒரு பிளக்கை இன்புட்டில் செருகுங்கள். நின்றுவிட்டால் பெடல் நிரபராதி. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் பாருங்கள். திசைக்குத் திசை உறுமல் ஏறி இறங்கினால், டிரான்ஸ்ஃபார்மர்களின் காந்தப்புலத்தை ஒரே சுருள் கொண்ட சிங்கிள்-காயில் பிக்கப் பிடிக்கிறது. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களால் உறுமலை அடித்துவிடும் ஹம்பக்கர் பிக்கப்புக்குக் காப்புரிமை கோரியது இந்தத் தொல்லைக்காகத்தான். கம்பியைத் தொட்டதும் உறுமல் குறைந்தால் அது மின்புலம். கிட்டாருக்குள் ஷீல்டிங் (சுற்றிய உலோகக் கவசம்) போதவில்லை.

மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள வேறுபாடு பெடல் பெட்டிக்கும் பொருந்தும். பிளாஸ்டிக் சுவிட்ச் பாக்ஸில் பெடல் செய்தால் மின்புலம் தடையின்றி உள்ளே வரும். அலுமினியப் பெட்டி அதைத் தடுக்கும், ஆனால் பெட்டி கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும். ஜாக் உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் அந்தத் தொடர்பே அறுந்துவிடும், சுரண்டிவிடுங்கள். காந்தப்புலத்தை அலுமினியம் தடுக்காது. 50 ஹெர்ட்ஸ் புலம் அலுமினியத்தில் வலுவிழக்கவே ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும், பெட்டியின் சுவரோ 2 மில்லிமீட்டர். பெடலை அடாப்டரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பதுதான் வழி.

ஒரே அடாப்டரிலிருந்து நாலைந்து பெடல்களுக்கு வயர் இழுத்தால், தனித்தனியாக அமைதியாக இருந்தவை சேர்ந்ததும் உறுமும். பவர் வயரின் கிரவுண்டும் பெடல்களை இணைக்கும் பேட்ச் கார்டின் ஷீல்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகின்றன. அதன் ஊடே செல்லும் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும். ஒரு பேட்ச் கார்டில் ஒரு முனையில் மட்டும் ஷீல்டைத் துண்டித்தால் வளையம் உடையும். இரண்டு பின் அடாப்டரில் இன்னொரு சங்கதி உண்டு. உள்ளே இருக்கும் ஒரு சிறு கெபாசிட்டர் வழியாக மெயின்ஸிலிருந்து கொஞ்சம் கசிவு எப்போதும் வரும். கம்பியைத் தொட்டால் விரல் லேசாகக் கூசுவது அதனால்தான். ஆம்ப் மூன்று பின்னோடு சரியான எர்த்தில் இருந்தால் அந்தக் கசிவு அங்கே போய்விடும். உறுமலை நிறுத்துவதற்காக ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆம்பில் ஒரு கோளாறு வந்தால் 230 வோல்ட் கிட்டார் கம்பிக்கே வந்துவிடும், உயிர் போகும்.

‘உய்ங்ங்’ என்று உயர்ந்த சுருதியில் ஓயாமல் கேட்டால், பெடலுக்குள் 18 வோல்ட்டோ எதிர்மறை வோல்ட்டேஜோ தயாரிக்கும் சார்ஜ் பம்ப் ஐசி இருக்கிறதா என்று பாருங்கள். ஐசிஎல்7660 வகை ஐசிகள் 10 கிலோஹெர்ட்ஸில் ஓடும், அது நம் காதுக்கு எட்டும். பெயரின் முடிவில் ‘எஸ்’ உள்ள ஐசிஎல்7660எஸ்ஸிலும் எம்ஏஎக்ஸ்1044-லும் 1-ஆம் பின்னை 8-ஆம் பின்னோடு இணைத்தால் வேகம் செவிப்புலனுக்கு மேலே போய்விடும். பழைய 7660-இல் அந்த வசதி இல்லை. வாங்கும்போதே எழுத்தைப் பார்த்து வாங்குவது நல்லது.

கெயின் (பெருக்கம்) குமிழைத் திருகத் திருக ஒரு கட்டத்தில் திடீரென்று ‘கீஈஈ’ என்று பிறக்கும் ஒலி வேறு வகை. அது வெளியிலிருந்து வருவதில்லை, பெடலே ஆசிலேட்டராகி, தானாக ஒலி எழுப்புகிறது. இன்புட் வயரும் அவுட்புட் வயரும் சுவிட்சை நோக்கி ஒட்டியபடி ஓடுகின்றன என்று வையுங்கள். அவற்றுக்கிடையே ஒரே ஒரு பிக்கோஃபாரட் இருந்தாலும் 10 கிலோஹெர்ட்ஸில் அது 16 மெகா ஓம் ரெசிஸ்டர் மாதிரி. இன்புட் பக்கம் 100 கிலோ ஓம் என்றால் அவுட்புட்டில் 160-இல் ஒரு பங்கு திரும்பி வரும். பெருக்கம் 1000 என்றால், போனது ஆறு மடங்காகத் திரும்புகிறது. திரும்பி வரும் அலையின் ஏற்ற இறக்கமும் போன அலையோடு பொருந்திவிட்டால் அலறல்தான். இன்புட் வயரை ஒரு மரக்குச்சியால் நகர்த்திப் பாருங்கள். சுருதி மாறினால் நோய் பிடிபட்டது. வயரைக் குறுக்குங்கள், இன்புட்டுக்கு ஷீல்டு வயர் போட்டு ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். பிக் மஃப் என்ற ஃபஸ் பெடலின் சர்க்யூட்டில் மூன்று டிரான்சிஸ்டர்களின் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே சுமார் 500 பிக்கோஃபாரட் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. உயர் அதிர்வெண்களை அவை தட்டிவைப்பதால்தான் அவ்வளவு கெயினிலும் அது அடங்கி நிற்கிறது.

ஃபஸ்ஸில் வானொலி கேட்டால், முதல் டிரான்சிஸ்டரே மத்திய அலையைப் பிரித்தெடுக்கிறது. இன்புட்டில் சில கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதன் பின் கிரவுண்டுக்கு 100 பிக்கோஃபாரட்டும் போதும். சுவிட்சை மிதிக்கும்போது ‘டப்’ என்றால் இன்புட்டிலும் அவுட்புட்டிலும் கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் வையுங்கள். ஒலியளவை ஏற்றி இறக்கும் டிரெமலோ பெடலில் ‘டிக் டிக்’ கேட்டால் வேகத்தைத் தீர்மானிக்கும் ஆப்-ஆம்பை டிஎல்072-இலிருந்து டிஎல்062 ஆக்குங்கள். அது ஏழில் ஒரு பங்கு மின்னோட்டமே எடுக்கும், கிரவுண்டை அவ்வளவாக உலுக்காது.

மிச்சம் சீறல். ரெசிஸ்டருக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதே ஒரு வோல்ட்டேஜை உண்டாக்கும் என்பதை 1920-களில் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்தார். 1928-இல் நைக்விஸ்ட் அதற்குச் சூத்திரம் தந்தார். இன்புட்டில் உள்ள 1 மெகா ஓம் ரெசிஸ்டர் தனியாக இருந்தால், கேட்கும் அலைவரிசை முழுவதிலும் 18 மைக்ரோவோல்ட் சீறல் தரும். கிட்டாரைச் செருகியதும் பிக்கப்பின் சில கிலோ ஓம் அதை அமுக்கிவிடும். அதனால் எதுவும் செருகாத பெடலைக் கேட்டு ‘சீறுகிறது’ என்று முடிவுகட்டக் கூடாது. கிட்டாரின் வால்யூம் பாட்டையும் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) கவனியுங்கள். 500 கிலோ ஓம் பாட் சரிபாதியில் பிரியும் இடத்தில் பெடல் அதை 125 கிலோ ஓம்மாகப் பார்க்கிறது. அதன் வெப்ப இரைச்சல் டிஎல்072-இன் சொந்த இரைச்சலைவிட இரண்டரை மடங்கு. வால்யூமை முழுதாகத் திறந்தாலும் முழுதாக மூடினாலும் சீறல் குறைந்து, நடுவில் மட்டும் கூடினால், அது அந்தப் பாட்டினுடையது. எந்த ஐசி போட்டாலும் அது அப்படியே இருக்கும்.