ராம்மர் ஏன் குதிக்க மறுக்கிறது?

புதுச்சேரியில் குழாய் பதித்த பள்ளத்தை மூடும் வேலை. எஞ்சின் அலறுகிறது, குதித்துக் குதித்து மண்ணை இடித்து இறுக்கும் ராம்மரோ நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. உடனே கார்பரேட்டரில் கை வைக்க வேண்டாம். எஞ்சின் தங்குதடையின்றி முழு வேகத்தில் ஓடினால், கோளாறு அதற்குக் கீழேதான்.

எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாகப் பல்சக்கரத்துக்குப் போகிறது. அங்கே கிராங்கும் கனெக்டிங் ராடும் அதை மேலும் கீழுமான அசைவாக மாற்றி, ஸ்பிரிங்குகளை அமுக்கி அடித்தட்டை உதைக்கவைக்கின்றன. 60–80 கிலோ எடையுள்ள இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 650 முறை குதிப்பது இப்படித்தான்.

முதல் சந்தேகம் கிளட்ச் மேல். ஆக்சிலேட்டரைப் பாதியில் வைத்து ஓட்டினால் கிளட்ச் ஷூ முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக் கருகும். ஐடில், ஃபுல் என்று ராம்மருக்கு இரண்டே நிலைதான். ஆயில் சீல் கசிந்து ஷூவில் எண்ணெய் பட்டாலும் வழுக்கும். ஷூவைத் துடைத்தால் மட்டும் போதாது, சீலையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது ஸ்பிரிங்குகள் இருக்கும் ராம்மரின் கீழ்ப்பகுதியில், அதாவது அதன் காலில், உள்ள எண்ணெய். குறைந்தால் தேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகமானாலும் கெடுதல்தான்: காற்று இருக்க வேண்டிய இடத்தை எண்ணெய் அடைத்துக்கொள்ள, ஸ்பிரிங் தாராளமாக அசையாது, குதிப்பு தாறுமாறாகும். ‘கொஞ்சம் கூடவே ஊற்று’ என்ற பழக்கம் இங்கே உதவாது. இயந்திரத்தை நேராக நிறுத்தி, அளவுக் கண்ணாடியைப் பாருங்கள். பல மாடல்களில் பாதியிலிருந்து முக்கால் வரை தெரிந்தால் சரி. அந்தக் காலை மூடியிருக்கும் மடிப்பு உறையான பெல்லோஸின் மடிப்புகளையும் விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்பு போதும், மணல் உள்ளே போய் எண்ணெயோடு கலந்து சிலிண்டரை உரசிவிடும்.

எஞ்சினே திணறினால் ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரை மணலில் தினமும் தட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். ஸ்பார்க் பிளக் முனைகளின் இடைவெளி பெரும்பாலும் 0.6–0.7 மி.மீ. டூ-ஸ்ட்ரோக் என்றால் சைலன்சரில் அடைத்த கரியையும் சுரண்டுங்கள். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த இயந்திரம் கிளம்பாவிட்டால், பழைய பெட்ரோல் கார்பரேட்டர் ஜெட்டில் பிசினாகப் படிந்திருக்கும்.

சில நாள் இயந்திரத்தின் மேல் குற்றமே இருக்காது. காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் களிமண் ஈரம் மிஞ்சினால் அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு ரப்பர் போல அசையும். ஒரு பிடி எடுத்து உருட்டுங்கள்: கையில் பிசுபிசுத்தால் காயவிட வேண்டும். உலர்ந்த கடற்கரை மணலோ அடிக்க அடிக்க விலகும். அதற்குத் தட்டையான தகட்டை அதிரவைத்து மண்ணை இறுக்கும் பிளேட் காம்பாக்டரே பொருத்தம்.

வண்டியில் தவறான பக்கமாகப் படுக்கவைத்து ஏற்றிய ஃபோர்-ஸ்ட்ரோக் ராம்மரில் எஞ்சின் ஆயில் சிலிண்டருக்கும் ஏர் ஃபில்டருக்கும் போய்விடும். இறக்கியதும் கயிற்றை வம்படியாக இழுக்காதீர்கள். சற்று நேரம் நேராக நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மெதுவாக நாலைந்து இழுப்பு இழுத்து ஆயிலை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.