புத்தி சொல்லும் இடமல்ல

"மிஸ், இவவுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லி விடுங்க." உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) என்னிடம் ஒருவரைக் கூட்டிவரும் மாமியோ அண்ணனோ மட்டக்களப்பில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். வந்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்வேன். முகம் சுருங்கும், பரவாயில்லை. வீட்டிலேயே வேண்டிய மட்டும் புத்தி சொல்லியாயிற்று. அது உதவியிருந்தால் என்னிடம் வந்திருக்க மாட்டார்கள்.

முதல் நாள் பெரிய கேள்விகள் கேட்பதில்லை. கல்லடியில் காலையில் கதைத்தது பின்னேரத்துக்குள் ஆரையம்பதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும் ஊர் இது. ஆகவே இங்கே சொல்வது வெளியே போகாது என்பதையும், எப்போது போகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்தென்றால், ஒரு பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கிறதென்றால், நான் பேசாமல் இருக்க மாட்டேன். சந்தையில் கண்டால் நானாகக் கதை கொடுக்கமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இதைக் கேட்டபின்தான் பலர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

கவலை என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தலையிடி, நெஞ்சு படபடப்பு, நித்திரையில்லை, "யோசனை கூடிப்போச்சு" என்றே வருவார்கள். தைரொயிட், இரத்தசோகையும் படபடப்பைத் தரும் என்பதால் வைத்தியரிடமும் காட்டச் சொல்வேன். நூல் கட்டுவதையோ தண்ணீர் ஓதிக் குடிப்பதையோ தடுப்பதில்லை. மனநல வைத்தியர் தந்த மருந்தை யாராவது நிறுத்தச் சொன்னால் மட்டும் சண்டைக்குப் போவேன்.

ஒருவரைச் சொல்கிறேன், பலருடைய கதையைக் கலந்து எழுதியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகாத பெண். "இத்தனை வருசமாச்சு, இன்னும் என்ன?" என்பது வீட்டாரின் கேள்வி. ஆனால் கடலைக் கண்டு திரும்பும் ஒவ்வொரு தடவையும் உடம்புக்கு உடனே ஆறுதல் கிடைக்கிறது. திரும்பியதால்தான் தப்பினோம் என்று மனம் படித்துக்கொள்கிறது. பயம் அதில்தான் ஊறி நிற்கிறது. அவர் தன் பயங்களுக்கு 0 முதல் 100 வரை தானே புள்ளி போட்டு வரிசைப்படுத்தினார். உச்சியில் வைத்தது அலையைக் கிட்டப் பார்ப்பதை அல்ல; மாரி காலத்து இரவில் படுக்கையில் கிடந்து கேட்கும் கடல் இரைச்சலை. கீழிருந்து தொடங்கினோம்: போனில் கடல் படம், பிறகு வீதி முனை, பிறகு தங்கச்சியோடு பகலில் மணலில் இருப்பது. ஒவ்வொன்றிலும் படபடப்பு தானாக இறங்கும்வரை நிற்பார். அடுத்ததுக்கு எப்போது போவது என்பது அவர் முடிவு. அவசரப்படுத்தினால் அடுத்த கிழமை வரமாட்டார்.

எங்கள் பயிற்சிகளில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜர்ஸின் பெயர் அடிக்கடி வரும். ஆளை உள்ளபடி ஏற்பது, அவர் இடத்திலிருந்து விளங்கிக்கொள்வது, பாசாங்கில்லாமல் இருப்பது பற்றி றொஜர்ஸ் 1957இல் எழுதினார். அதில் எனக்கு முழு நம்பிக்கை. ஆனால் கிழமைக்குக் கிழமை கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் பெண்ணுக்குக் காது கொடுத்தால் மட்டும் போதாது; பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதத்தான் வேண்டும்.

உதவி வேண்டுமென்றால், உளவளத்துணை உத்தியோகத்தரைப் பிரதேச செயலகத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கும் போகலாம். சாகவேண்டும் போல் இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது.