"ஒரே குரூப்தானே டாக்டர்?"

கிராஸ்மேட்ச் என்பது, சிறுநீரகம் கொடுப்பவரின் அணுக்களைப் பெறுபவரின் ரத்தம் எதிர்க்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. முதல்முறை பார்த்தபோது நெகட்டிவ், அதாவது எதிர்ப்பு இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன் மறுபடி பார்த்தால் பாசிட்டிவ். டயாலிசிஸில் இருக்கும் அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். சிறுநீரகம் கொடுக்கத் தம்பி தயார். நடுவில் என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"ரொம்ப சோர்வா இருந்துச்சு டாக்டர். ஹீமோகுளோபின் 7.8னு சொல்லி ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. தம்பியேதான் குடுத்தான். ஒரே குரூப், சொந்த ரத்தம் வேற!"

இந்த 'ஒரே குரூப்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஏ, பி, ஓ குரூப் பொருந்தினால் ஏற்றிய சிவப்பணு பொதுவாக உடையாது, அவ்வளவுதான். எச்எல்ஏ என்பது வேறு அடையாளம்; தன் அணு எது, அந்நிய அணு எது என்று உடல் பிரித்தறிய உதவுவது. வெள்ளணுக்களிலும் தட்டணுக்களிலும் அது இருக்கிறது. மாற்றிப் பொருத்தும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. ரத்தம் ஏற்றுவதற்கு முன் வழக்கமாக அதைப் பொருத்திப் பார்ப்பதில்லை. குரூப் அச்சுப் பிசகாமல் பொருந்திய ரத்தத்தில்கூட அந்நிய எச்எல்ஏ வந்து சேரும். உடல் அதைக் குறித்துக்கொண்டு அதைத் தாக்கும் எதிர்ப்பொருள் தயாரிக்கும். பிள்ளை பெற்ற பெண்களுக்கும், ஏற்கெனவே ஒரு மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ரத்தம் கொடுத்தவரே சிறுநீரகமும் கொடுக்க வந்தால்? எந்தச் சிறுநீரகம் வரப்போகிறதோ அதற்கெதிராகவே உடலைத் தயார்படுத்தி வைத்தது போலாகிவிடும்.

"வெள்ளணு வடிகட்டின ரத்தம்தானே?" என்பது அடுத்த சமாதானம். வடிகட்டினால் ஆபத்து குறையும், ஒழியாது. கதிர்வீச்சு கொடுத்த ரத்தமும் இதைத் தடுக்காது. அது வேறொரு சிக்கலுக்கானது.

ஒரு காலத்தில் நாங்களே வேண்டுமென்று ஏற்றினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் ஏற்றியவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் நன்றாக நிலைக்கிறது என்று 1973இல் ஓபெல்ஸ், டெராசாகி என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1980களில் உடலின் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபின் அந்த ஆதாயம் மங்கிவிட்டது. எதிர்ப்பொருள் தொல்லை மட்டும் மிஞ்சியது. பழைய நினைப்பில் இருக்கும் சகாக்கள் கவனிக்க.

ரத்தமே கூடாது என்று சொல்லவில்லை. ரத்தப்போக்கு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் தயங்காமல் ஏற்றுங்கள், உயிர் முதலில். வெறும் எண்ணைப் பார்த்துப் பதறி ஏற்றாதீர்கள். இரும்புச்சத்து ஊசியும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசியும் எதற்கு இருக்கின்றன? வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், பொறுங்கள். சிறுநீரகம் கொடுக்கப்போகிறவர் அதைப் பெறுபவருக்கு ரத்தம் கொடுக்கவே கூடாது. மாற்று அறுவை முடிந்தவர்களும் "அதான் முடிஞ்சாச்சே" என்று அசட்டையாக இருக்க வேண்டாம். புது எதிர்ப்பொருள் அப்போதும் உருவாகலாம்.

ஏற்றியே ஆகவேண்டியிருந்தால் மாற்று சிகிச்சைக் குழுவிடம் தயவுசெய்து மறைக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து எதிர்ப்பொருள் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். தேதி, எத்தனை யூனிட், யார் கொடுத்தது என்று டயாலிசிஸ் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அந்த அம்மாவின் நோட்டில் எடையும் பிரஷரும் நாள் தவறாமல் இருந்தன. அந்த இரண்டு பாட்டிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.