பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலில் மாணவரைத் தேடுங்கள்

பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வு உதவிப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆசிரியர்களின் கட்டுரைப் பட்டியலைச் சரிபார்ப்பது, மாணவர்களின் ஆய்வேடுகளை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றுவது, எந்த ஆய்விதழை நம்பலாம் என்று கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்வது, இவைதான் என் அன்றாட வேலை. சேர்ந்து ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு ஆன மாணவர்கள் என் மேசைக்கு வந்து, "என் கைடு இந்தத் தலைப்பை விட்டே ஆறு வருஷம் ஆயிடுச்சு, எனக்கு இப்பத்தான் தெரியுது" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது ரகசியமான தகவல் இல்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அரை மணி நேரத்தில், பைசா செலவில்லாமல் பார்த்திருக்கலாம். எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க இருந்த ஒரு பெண் ஒருநாள் மூன்று பேராசிரியர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் பார்த்து எழுதிய எச்-இன்டெக்ஸ். "இவங்கள்ல யார் பெரிய ஆள்னு மட்டும் சொல்லுங்க, அவங்ககிட்ட சேர்ந்துடறேன்" என்றார்.

அந்த எண் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு அது. ஒருவர் எழுதிய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறையாவது மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. இது வயதோடு ஏறும், இறங்காது. ஆய்வை நிறுத்திப் பத்து ஆண்டு ஆனவருக்கும் பழைய கட்டுரைகளால் ஏறிக்கொண்டே இருக்கும். துறைக்குத் துறை மாறவும் செய்யும். மருத்துவ ஆய்வில் ஒருவருக்கு இருக்கும் எண்ணைக் கணிதத்தில் இருப்பவருடைய எண்ணோடு ஒப்பிடவே முடியாது. பெருங்குழுக்களாக இயங்கும் துறைகளில் நிலைமை இன்னும் வேறு. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அந்தக் கட்டுரை 5,154 பேருடைய கணக்கிலும் ஏறும்.

சரி, அந்த மூன்று பெயர்களுக்கு வருவோம். நாங்கள் இருவரும் சேர்ந்து மூவருடைய கடைசி நான்கு ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் திறந்து வைத்தோம். ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பெயர் யாருடையது என்று பார்த்தோம். எண் அதிகமாக இருந்தவருக்கு நாற்பதுக்கும் மேல் கட்டுரைகள். எல்லாமே வெளியூர்க் குழுக்களோடு சேர்ந்து எழுதியவை. இவர் பெயர் நடுவில் எங்கோ இருந்தது. அவருடைய மாணவர் யாரும் ஒன்றில்கூட முதல் ஆசிரியர் இல்லை. எண் குறைவாக இருந்தவருக்கு எட்டே கட்டுரைகள். அதில் ஐந்தில் முதல் பெயர் மாணவருடையது, கடைசிப் பெயர் இவருடையது. அந்தப் பெண் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டுப் புதிதாகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்.

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ஏன் பார்க்கிறோம்? உயிரியல், வேதியியல், மருத்துவம் போன்ற சோதனைத் துறைகளில், வேலையை உண்மையில் செய்தவர் பெயர் முதலில் வரும். குழுவின் தலைவர் பெயர் கடைசியில் வரும். மாணவர் முதலில், வழிகாட்டி கடைசியில் என்று இருந்தால், ஒரு மாணவர் தன் கையால் ஒரு வேலையைத் தொடங்கி முடித்திருக்கிறார், வழிகாட்டியும் அதை அவருடைய வேலையாகவே வெளியே காட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகர வரிசைதான். அங்கே இந்தக் கணக்கு செல்லாது. மானுடவியல், வரலாறு, இலக்கியம் போன்றவற்றில் பெரும்பாலும் தனி ஆள் எழுதும் நூலும் கட்டுரையும்தான் என்பதால், மாணவர்கள் தங்கள் பெயரில் தனியாக எதையாவது வெளியிட்டிருக்கிறார்களா என்று தேட வேண்டும். உங்கள் துறையின் வழக்கம் எது என்று தெரிந்துகொள்ளாமல் பட்டியலைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

பெயர் எங்கே வருகிறது என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஜோஸ்லின் பெல்லின் கதை தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. 1967-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது, வானொலித் தொலைநோக்கியிலிருந்து வந்த நீளமான பதிவுத்தாள்களில் விசித்திரமான ஒரு துடிப்பை முதலில் கவனித்தவர் அவர். அதுதான் பல்சர், அதாவது சீரான இடைவெளியில் வானொலி அலைகளைத் துடிப்பாக அனுப்பும் விண்மீன். அடுத்த ஆண்டு வந்த கட்டுரையில் அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷ் பெயர் முதலில் இருந்தது, பெல்லின் பெயர் இரண்டாவதாக. 1974-இல் இயற்பியல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் இன்னொரு வானியலாளரான மார்ட்டின் ரைலுக்கும் போனது, பெல்லுக்கு இல்லை. பெல் அதைப் பெரிய குறையாகப் பேசியதில்லை. 2018-இல் தனக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசுத் தொகையை, இயற்பியல் ஆய்வில் வாய்ப்புக் குறைந்த பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களின் உதவித்தொகைக்கே கொடுத்துவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு முறை அந்தக் கதையைச் சொல்லும்போதும் எனக்கு மனது வலிக்கும்.

அடுத்தது, நான் யாருக்கும் விடாமல் சொல்வது: துறையின் இணையப் பக்கத்தில் இருக்கும் 'ஆய்வு ஆர்வங்கள்' என்ற பகுதியை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்தது அப்படியே கிடக்கும். அவருடைய வேலை எங்கெங்கோ நகர்ந்திருக்கும். கடைசி மூன்று கட்டுரைகளின் சுருக்கத்தைப் படியுங்கள். அதுதான் அவர் இப்போது செய்யும் ஆய்வு. பெயர்க் குழப்பம் வந்தால் ஆர்கிட் எண்ணைப் பாருங்கள். 2012-இல் தொடங்கிய ஏற்பாடு அது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க அடையாள எண் தருகிறார்கள். ஒரே பெயரில் ஐந்து பேர் இருந்தாலும் யார் கட்டுரை எது என்று பிரித்துப் பார்க்க உதவும். கூகுள் ஸ்காலர் தானாகவே திரட்டுவது என்பதால் வேறொருவர் கட்டுரை வந்து ஒட்டிக்கொள்வது அங்கே சாதாரணம். பட்டியலில் ஒரு வானியல் கட்டுரையும் ஒரு பல் மருத்துவக் கட்டுரையும் அடுத்தடுத்து இருந்தால், அந்த ஆசிரியரைச் சந்தேகப்படுவதற்கு முன் பட்டியலைச் சந்தேகப்படுங்கள்.

எங்கே வெளியிட்டிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு எதையும் சரிபார்க்காமல் வெளியிடும் இதழ்கள் நிறைய இருக்கின்றன. 2013-இல் ஜான் போஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகளை நிரப்பி ஒரு போலிக் கட்டுரை எழுதி, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஆகவே கட்டுரைகளின் எண்ணிக்கை மட்டும் எதையும் நிரூபிக்காது. நீங்கள் சேரப்போகும் குழு அப்படிப்பட்ட இதழ்களிலேயே தொடர்ந்து வெளியிட்டுவந்தால், நாளைக்கு உங்கள் கட்டுரையும் அங்கேதான் போகும். உங்கள் உழைப்பை யாரும் மதித்துப் படிக்க மாட்டார்கள்.

வெளியான பிறகு பிழையோ மோசடியோ தெரிந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் உண்டா என்றும் தேடலாம். ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற தளம் 2010 முதல் இவற்றைத் தொகுத்துவருகிறது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நேர்மையான பிழையைத் தாங்களே கண்டுபிடித்து, தாங்களே முன்வந்து திரும்பப் பெறுபவர்கள் உண்டு. 2018-இல் வேதியியல் நோபல் பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்ட், தன் குழுவின் ஒரு கட்டுரையின் முடிவுகளை மறுபடி பெற முடியவில்லை என்று 2020-இல் வெளிப்படையாகச் சொல்லித் திரும்பப் பெற்றார். அப்படிப்பட்டவரிடம் சேரத் தயங்க வேண்டியதே இல்லை என்பேன். தொடர்ச்சியாக, தரவு மோசடி என்ற காரணத்தோடு வருவது வேறு. நெதர்லாந்தில் டீடரிக் ஸ்டாபெல் என்ற சமூக உளவியலாளர் தரவுகளைக் கற்பனையாக உருவாக்கியது 2011-இல் அம்பலமானது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவர் கொடுத்த பொய்த் தரவுகளை நம்பி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய மாணவர்களும் இருந்தார்கள். அவர்கள் மீது குற்றமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் அவர்கள் உழைத்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

இளநிலைப் பட்டத்துக்குச் சேர்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்பது வேறு: "இங்கே ஆய்வு நிறைய நடக்குதாமே, அப்ப பாடமும் நல்லா நடத்துவாங்கதானே?" ஆய்வும் கற்பித்தலும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது 1810-இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துப் பேசப்படும் கருத்து. நல்ல கருத்துதான். ஆனால் ஜான் ஹாட்டி, ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் 1996-இல் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியரின் ஆய்வுத் திறனுக்கும் கற்பித்தல் திறனுக்கும் இடையே இருந்த தொடர்பு 0.06 மட்டுமே. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு என்ற கணக்கில், ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பெரிய ஆய்வாளர் மோசமாகக் கற்பிப்பார் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அந்தப் புகழ்பெற்றவர் முதலாண்டு வகுப்பு எடுக்கிறாரா, இளநிலை மாணவர்களை ஆய்வகத்துக்குள் விடுகிறார்களா, கடைசி ஆண்டுத் திட்டப்பணிக்கு யார் வழிகாட்டுகிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். 'ஆம்' என்று பதில் வந்தால், போன வருடம் எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்காகக் கட்டலின் கரிகோ என்ற உயிர்வேதியியலாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னாளில் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் 1995-இல் அவர் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து அவர் 2005-இல் வெளியிட்ட கட்டுரையை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. அந்த வேலைக்குத்தான் இருவருக்கும் 2023-இல் மருத்துவ நோபல். 2005-இல் அவருடைய எண்ணைப் பார்த்து ஒரு மாணவர் ஒதுங்கிப் போயிருந்தால் எதை இழந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதே கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. நிதி இல்லாத ஆய்வகத்தில் மாணவருக்கு உதவித்தொகை எங்கிருந்து வரும்? ஆய்வுத் திட்ட நிதி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குத்தான் கிடைக்கும். கட்டுரைகளின் கடைசியில் இருக்கும் நன்றிக் குறிப்பில் எந்தத் திட்டம், என்ன எண் என்று போட்டிருப்பார்கள். அது எந்த ஆண்டு முடிகிறது என்று தேடுங்கள். நீங்கள் சேரும் ஆண்டிலேயே முடிகிறது என்றால், "அதற்குப் பிறகு என் உதவித்தொகை?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எப்போது ஓய்வு பெறுகிறார், நீண்ட விடுப்பில் போகப்போகிறாரா, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் உண்டா என்பதையும் கேட்கலாம். நல்ல வழிகாட்டிகள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை.

இத்தனைக்கும் மேல், நான் மிகவும் நம்பும் ஓர் இடம் இருக்கிறது. பழைய ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கம். பல பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளை இணையத்தில் திறந்தே வைத்திருக்கின்றன. ஒரே வழிகாட்டியிடம் முடித்த நான்கைந்து பேருடைய நன்றியுரையை அடுத்தடுத்துப் படியுங்கள். ஆயிரக்கணக்கில் ஏற்றியவள் என்பதால் சொல்கிறேன், எல்லோரும் வழிகாட்டிக்கு நன்றி சொல்வார்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் "என் அத்தியாயத்தை ஆறு முறை வரிக்கு வரி திருத்தித் தந்தார்", "சோதனை தோற்ற வாரம் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்" என்று எழுதுபவர்கள் ஒரு பக்கம். ஒரே வரியில் நன்றியை முடித்துவிட்டு, ஆய்வகத் தோழர்களுக்கும் இன்னொரு துறைப் பேராசிரியருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குபவர்கள் இன்னொரு பக்கம். முன்பக்கத்தில் இருக்கும் தேதியையும் பாருங்கள். அவர்கள் சேர்ந்த ஆண்டையும் தெரிந்துகொண்டால், முடிக்க எத்தனை ஆண்டு ஆனது என்பது தெரிந்துவிடும். முடித்தவர்களின் பெயரைத் தேடி, இப்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களில் ஒருவருக்குப் பணிவாக நான்கு வரி எழுதிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். பாதியில் விட்டுப்போனவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றி இப்போதைய மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் வழிகாட்டி பக்கத்தில் இல்லாதபோது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டு இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் ஆண்டில் மாறுவது மூன்றாம் ஆண்டில் மாறுவதைவிட எவ்வளவோ எளிது. வழிகாட்டியை மாற்ற முடியாவிட்டாலும், உங்கள் தலைப்புக்கு நெருக்கமாக இப்போது வேலை செய்யும் ஒருவரை இணை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ளப் பல இடங்களில் விதிகள் இடம் தருகின்றன. யார் அப்படி நெருக்கமாக வேலை செய்கிறார் என்பதை இதே கட்டுரைப் பட்டியல்களிலிருந்தே கண்டுபிடிக்கலாம். என்னைப் போல இந்த வேலை பார்க்கும் ஒருவர் உங்கள் பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்க வாய்ப்பு உண்டு. வரும்போது ஆசிரியரின் பெயரையும், அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளின் தலைப்பையும் கொண்டு வாருங்கள். மற்றதைச் சேர்ந்தே தேடிப் பார்த்துவிடலாம்.