மலடு என்று விற்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

வாழப்பாடி பக்கம் ஒரு வெண்பன்றிப் பண்ணை. சித்திரை மாதம், பிற்பகல் 2 மணி. முதல் ஈற்றில் 10 குட்டிகள் போட்ட யார்க்ஷயர் இனப் பன்றி ஒன்றைக் காட்டி, “குட்டிகளைப் பிரித்து 20 நாள் ஆகிறது டாக்டர். இன்னும் பருவத்துக்கு வரவில்லை. இது மலடுதான், வியாபாரியிடம் சொல்லிவிட்டோம்” என்றார் பண்ணைக்காரர். பன்றியின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. முதுகில் கை வைத்தால் தண்டெலும்பு முடிச்சு முடிச்சாக விரலில் இடறியது. தோளில் நாணயம் அளவுக்குப் புண். சதை வற்றிய பன்றி சிமெண்டுத் தரையில் படுத்தே கிடந்தால் இந்தப் புண் வரும்.

நான் ஊசியை எடுக்கவில்லை. ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, அடுத்த கொட்டிலில் குட்டிகளோடு கிடந்த இன்னொரு தாய்ப்பன்றியின் குடிநீர் நிப்பிளை (பன்றி வாயால் அழுத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) அழுத்திப் பிடித்தேன். பாட்டில் நிறைய 3 நிமிடத்துக்கு மேல் ஆனது. வந்த தண்ணீரும் கையைச் சுட்டது. மொட்டை வெயிலில் கறுப்புத் தொட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு மெல்லிய குழாய். பால் கொடுக்கும் பன்றிக்கு நிமிடத்துக்கு 2 லிட்டராவது வர வேண்டும். நாளைக்கு 20 முதல் 30 லிட்டர், வெயில் காலத்தில் அதற்கு மேலும் குடிக்கும். நின்று நின்று உறிஞ்சிச் சலித்துப்போனால் அது படுத்துவிடும். தாகத்தோடு படுத்த பன்றி தீவனத்தைத் தொடாது.

ஆனால் பால் கொடுக்கும் நாட்களில் மடியில் 10 குட்டிகள் முட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் நாளைக்கு 200 கிராம் ஏறுகிறது என்றால் மொத்தம் 2 கிலோ. ஒரு கிலோ எடை ஏற ஏறத்தாழ 4 லிட்டர் பால் வேண்டும். ஆக, அந்தத் தாய் தினமும் 8 லிட்டர் பால் சுரக்கிறது. தீவனத் தொட்டியில் கிடைக்காததைத் தன் உடம்பிலிருந்து எடுத்துத்தான் சுரக்கிறது. கொழுப்பு முதலில் கரைகிறது, பிறகு தசை. உடம்பு இப்படிக் கரையும்போது சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன் சுரப்பு தணிந்துபோகிறது. பருவம் தள்ளிப்போகிறது, அல்லது வந்தாலும் முட்டைகள் குறைகின்றன. முதல் ஈற்றுக்குப் பின் பல பன்றிகள் அடுத்த முறை குறைவாகக் குட்டி போடுவதை ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் தாய்க்கு இந்த அடி இரட்டிப்பாக விழுகிறது.

நம் பக்கத்தில் தீவனக் கணக்கு தலைகீழாக ஓடுகிறது என்பதுதான் என் நெடுநாள் வருத்தம். சினையாக இருக்கும்போது “வயிற்றில் குட்டி இருக்கிறதே” என்று அள்ளிப் போடுகிறோம். 114 நாள் சினைக் காலத்தின் பெரும்பகுதிக்கு 2 முதல் 2.5 கிலோ கலப்புத் தீவனமே போதும். அப்போது கொழுத்த பன்றி, குட்டி போட்ட பிறகு சரியாகத் தின்னாது. இதுவும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். குட்டி போட்டபின் கழியும் என்று பயந்து 3 கிலோவோடு நிறுத்திவிடுகிறோம். முதல் இரண்டு மூன்று நாள் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதன்பின் நாளுக்கு அரைக் கிலோ வீதம் கூட்டி, தாய்க்கு 2 கிலோ, குட்டி ஒன்றுக்கு அரைக் கிலோ என்ற கணக்குக்கு வந்துவிட வேண்டும். 10 குட்டி என்றால் 7 கிலோ.

“ஓட்டல் கழிவு வயிறு நிறையத்தானே போடுகிறோம்” என்பார்கள். அதில் முக்கால் பங்கு தண்ணீர். 10 கிலோ கொட்டினால் உள்ளே போகும் உலர்பொருள் இரண்டரைக் கிலோதான். (அதையும் நன்றாகக் கொதிக்க வைக்காமல் போடவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தால் கொட்டிலே காலியாகிவிடும்.) சேகோ ஆலைத் திப்பி (மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) சேலத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. வளரும் பன்றிக்குக் கொஞ்சம் கலக்கலாம். ஆனால் அதில் இருப்பது மாவும் நாரும்; புரதம் மிகச் சொற்பம். பால் கொடுக்கும் தாய்க்கு 16 முதல் 18 சதவீதம் புரதம் உள்ள தீவனம் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால், சோயாப் புண்ணாக்கோ மீன் தூளோ சேர்த்தே ஆக வேண்டும். ஆத்தூர், தலைவாசல் மக்காச்சோளம் நல்ல சரக்குதான். பூஞ்சணம் பிடித்த மூட்டையை மட்டும் சினைக் கொட்டிலுக்குள் கொண்டுவராதீர்கள். அந்தப் பூஞ்சண நச்சு பருவச் சுழற்சியையே குலைக்கும்.

வெயிலுக்குத் தீவன நேரத்தை மாற்றுங்கள். பன்றிக்கு வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ள வழியில்லை. 40 டிகிரியை நெருங்கும் நம் மதியத்தில் எது போட்டாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். விடியற்காலை 5 மணிக்கும் இரவு 8 மணிக்குப் பிறகும் போட்டால் தின்னும். தாயின் கழுத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழவிடலாம், குட்டிகள் நனையாதபடி. ஏற்காட்டில் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே மார்கழிக் குளிரில் விறைக்கும் குட்டிகளுக்கு விளக்கும் வைக்கோலும்தான் கவலை.

குட்டிகளைப் பிரித்த 4 முதல் 7 நாளில் தாய் பருவத்துக்கு வர வேண்டும். ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் அது தின்னும் 50 கிலோ தீவனம் வீண்.

வியாபாரியை 20 நாள் பொறுக்கச் சொன்னேன். தொட்டிக்குக் கீற்றுப் பந்தல் போட்டார்கள், குழாயை மாற்றினார்கள், நல்ல தீவனம் கொடுத்தார்கள். 12ஆம் நாள் பருவத்துக்கு வந்தது. ஆவணியில் 11 குட்டிகள் போட்டது. அடுத்த முறை நான் போனபோது பண்ணைக்காரரே பாட்டிலை எடுத்து வந்து நிப்பிளை அழுத்திக் காட்டினார். அரை நிமிடத்துக்குள் நிறைந்துவிட்டது.