வெள்ளத்தில் மாடு, ஆடு இறந்தால் நிவாரணம்: எவ்வளவு, யாருக்கு, எப்படி வாங்குவது

புயலிலோ வெள்ளத்திலோ ஒரு கறவை மாடு இறந்தால் அரசு தருவது 37,500 ரூபாய். ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. மழைக்காலத்தில் நாளிதழைப் புரட்டுகிறவர்களுக்கு இந்தத் தொகைகள் பழக்கமானவைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மாட்டுக்கு 30,000 என்றிருந்ததை 37,500 ஆகவும், ஆட்டுக்கு 3,000 என்றிருந்ததை 4,000 ஆகவும் தமிழ்நாடு அரசு உயர்த்தியது. அடுத்த சில நாட்களிலேயே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. 2024-இல் ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம், கடலூர் பக்கம் பாதிக்கப்பட்டபோதும் இதே தொகைகள்தான் அறிவிக்கப்பட்டன.

தொகை தெரிந்தும் பலருக்குப் பணம் கைக்கு வருவதில்லை. இறந்த மாட்டை அன்று மாலையே புதைத்துவிடுகிறார்கள். மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் வந்து நிற்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. இந்தத் திட்டத்தின் கஷ்டம் முழுவதும் சான்றில்தான் இருக்கிறது. அதனால் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சான்றுக்கு வருகிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது

2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதில் 75 சதவீதம் ஒன்றிய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு. எந்த இழப்புக்கு எவ்வளவு தரலாம் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் விதிமுறை வெளியிடும். இப்போது பேசுகிற தொகைகள் 2022 அக்டோபரில் வந்த விதிமுறையில் உள்ளவை. அதன் காலம் 2026 மார்ச் 31 வரை. அதற்குப் பின் நடந்த இழப்பு என்றால் தொகை மாறியிருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பசு, எருமை போன்ற பெரிய கறவைகளுக்கு 37,500. வெள்ளாடு, செம்மறி, பன்றிக்கு 4,000. உழவு மாடு, வண்டி மாடு, குதிரைக்கு ஒன்றிய விதிமுறையில் 32,000தான். தமிழ்நாட்டு அறிவிப்புகளில் எருதையும் பசுவோடு சேர்த்து 37,500 என்றே சொல்லியிருக்கிறார்கள். கன்று, கழுதை, மட்டக்குதிரைக்கு 20,000. வீட்டோடு ஒட்டிய மாட்டுக்கொட்டகை விழுந்திருந்தால் 3,000. கன்றுக்கும் கொட்டகைக்கும் தனித்தனியாகப் பணம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மனுவில் மாட்டை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

உச்சவரம்பும் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை என்றால் 3, ஆடு என்றால் 30. உழவு மாடு 3, கன்று போன்ற சிறியவை 6. கோழிக்குக் குடும்பத்துக்கு மொத்தம் 10,000 ரூபாய்தான். ஐந்நூறு கோழி இறந்தாலும் நூறு கோழிக்குத்தான் கணக்கு.

இந்த 30 ஆட்டுக் கணக்கு, மந்தையை ராத்திரி வயலில் நிறுத்திக் கிடை போடுகிறவர்களைத்தான் அதிகம் அடிக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஊர் ஊராக ஆடு ஓட்டிப் போகிறவர்கள். ஒரு கிடையில் நாலைந்து குடும்பத்து ஆடுகள் கலந்து நிற்கும். ராத்திரி வெள்ளம் வந்து கிடையே போய்விட்டால், மறுநாள் கீதாரி ஒருவரே எல்லார் சார்பிலும் மனு எழுதுவார். அப்படி எழுதினால் காகிதத்தில் அது ஒரு குடும்பத்து ஆடு, முப்பதோடு நின்றுவிடும். யாருடைய ஆடு எத்தனை என்று பிரித்து, ஒவ்வொரு உரிமையாளரும் தன் பெயரில், தன் ரேஷன் அட்டையோடு தனி மனு கொடுக்க வேண்டும். ஆடு இறந்தது வெளி மாவட்டத்தில் என்றால், இறந்த இடத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் அப்போதே பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். சொந்த ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த ஊர் அலுவலர் தான் பார்க்காத ஒன்றுக்குச் சான்று தர மாட்டார். அது நியாயமும்தான்.

யாருக்குக் கிடைக்கும்

ஒன்றிய விதிமுறை சிறு, குறு விவசாயிகள் என்கிறது. அதாவது இரண்டு ஹெக்டேர், ஏறத்தாழ ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டு அரசின் அறிவிப்புகளில் இந்த நில வரம்பை எடுத்துச் சொல்வதில்லை. ஒரே ஒரு பசுவை வைத்துப் பிழைக்கும் நிலமில்லாத கூலிக் குடும்பங்கள், நமக்குப் பட்டா இல்லையே என்று தாங்களாக ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். மனு கொடுங்கள். தகுதி இல்லை என்றால் அதை அலுவலகம் எழுத்தில் சொல்லட்டும்.

இன்னொரு நிபந்தனை, இறந்த கால்நடை வருமானம் தருவதாக இருந்திருக்க வேண்டும் என்பது. கறவையில் இருந்ததா, சினையா என்று மருத்துவர் குறிப்பார். வயதான வறட்டு மாடு என்றால் தகராறு வரலாம். சினை ஊசி போட்ட சீட்டு இருந்தால் அப்போது கை கொடுக்கும்.

நோயில் இறந்தவை இதில் வராது. வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்துத் தொண்டை அடைப்பானிலோ துள்ளுமாரியிலோ ஆடு மாடு இறந்தால், வெள்ளத்தால்தான் வந்தது என்று நமக்குத் தெரியும், விதிமுறை ஏற்காது. பறவைக் காய்ச்சலில் இறக்கும் கோழிகளுக்குக் கால்நடைத் துறையின் வேறு திட்டம் இருக்கிறது. வளர்ப்பு நாய், பூனை, தெரு நாய் எவையும் இந்த விதிமுறையில் இல்லை.

சான்று வாங்கும் வழி

விதிமுறை கேட்பது ஒன்றைத்தான்: இழப்பை மாநில அரசு நியமித்த அதிகாரி சான்றளிக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு பேர் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வந்து இழப்பைக் கணக்கெடுப்பார். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து, எதனால் இறந்தது என்று எழுதித் தருவார். இரண்டும் தாசில்தாருக்குப் போய், பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

எனவே மாடு இறந்துவிட்டால் புதைப்பதற்கு முன்பே தகவல் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070, கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. பேசிய நேரத்தைக் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அன்று நாற்பது இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கும், வருவதற்குத் தாமதமாகலாம். அதற்காக நாறும்வரை போட்டு வைக்க முடியாது. புதைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் போட்டோ எடுங்கள்: முழு உடல் ஒன்று, தலையும் காதும் தெரிய ஒன்று, பின்னால் உங்கள் வீடோ ஊர்க் கோயிலோ தெரிய ஒன்று. ஊராட்சி மன்ற உறுப்பினரோ பக்கத்து வீட்டாரோ உடன் நிற்கட்டும். காது வில்லையைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். கோமாரித் தடுப்பூசி போடும்போது மஞ்சள் நிறத்தில் குத்திவிடுவார்களே, அதில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். துறையின் கணினியில் அந்த எண்ணில் உங்கள் பெயரும் மாட்டின் விவரமும் பதிவாகியிருக்கும். இதைவிட வலுவான சான்று வேறில்லை. காது அறுந்து தொங்குகிறது என்று வில்லையைப் பிய்த்துப் போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உடலே கிடைக்காத மாடுகள்தான் சிக்கல். தாமிரபரணியில் அடித்துப்போன மாட்டை எங்கே தேடுவது? பிரேதப் பரிசோதனை இல்லாததால் மனு நிற்கும். அப்படிப்பட்டவர்கள் மாடு இருந்தது என்பதை முதலில் நிறுவ வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றிய அட்டை இருந்தால் அது பெரிய துணை. நேற்றுவரை நாலு லிட்டர் ஊற்றியவர் இன்று ஊற்றவில்லை என்பதைச் சங்கத்துப் பதிவேடே சொல்லும். தடுப்பூசிப் பதிவு, மாட்டுக்கடன் வாங்கிய வங்கிக் காகிதம், செல்போனில் கிடக்கும் பழைய போட்டோ, அக்கம்பக்கத்தாரின் எழுத்துமூல வாக்குமூலம் எல்லாவற்றையும் மனுவோடு இணையுங்கள். கணக்கெடுப்புப் பட்டியலில் முதல் சுற்றிலேயே பெயர் ஏறிவிட வேண்டும். பிறகு சேர்ப்பது மெத்தக் கடினம்.

புதைக்கும் குழி ஆறடி ஆழமாவது இருக்கட்டும். கிணற்றையும் வாய்க்காலையும் விட்டுத் தள்ளி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். உடல்களை அப்புறப்படுத்தும் செலவு உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. பேரிடர் விதிமுறையில் அதற்கு உண்மைச் செலவின்படி நிதி ஒதுக்க இடம் இருக்கிறது. ஜேசிபி வேண்டும் என்று ஊராட்சியிடமும் தாசில்தாரிடமும் உரிமையோடு கேட்கலாம்.

உயிரோடு இருப்பவற்றுக்கு

இறந்த மாட்டுக்கு இவ்வளவு விவரமாகப் பேசும் விதிமுறை, உயிரோடு மீட்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தேடுதல், மீட்பு, வெளியேற்றம் என்று வரும் இடத்தில் மனிதரைத்தான் சொல்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் விளக்கப் பிரிவிலும் உயிரிழப்பு, மனிதத் துன்பம், சொத்துச் சேதம், சுற்றுச்சூழல் சேதம் என்றுதான் இருக்கிறதே தவிர, கால்நடை என்று தனியாக இல்லை. என் பார்வையில் இது பெரிய ஓட்டை. மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று கழுத்தளவுத் தண்ணீரிலும் வீட்டை விட்டு நகராதவர்களைத் தாழ்வான ஊர்களில் எல்லா மழையிலும் பார்க்கலாம். மாட்டுக்கு இடம் காட்டினால் அவர்கள் முகாமுக்கு வந்துவிடுவார்கள். காத்ரீனா புயலில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட அமெரிக்கா, வளர்ப்பு விலங்குகளையும் வெளியேற்றத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2006-இல் சட்டமே போட்டது.

இங்கே விதிமுறையில் உள்ள முக்கியமான பிடி, கால்நடை முகாம். முகாமில் தீவனம், தண்ணீர், மருந்துக்குப் பெரிய கால்நடைக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய், சிறியதற்கு 45 ரூபாய் செலவிடலாம். வழக்கமாக 30 நாள். தேவைப்பட்டால் 60, கடும் வறட்சி என்றால் 90 வரை நீட்டிக்கலாம். முகாமுக்கு வராத மாடுகளுக்குத் தீவனம் கொண்டுபோகும் வண்டிச் செலவுக்கும் இடம் உண்டு. ஆனால் முகாம் தானாகத் திறக்காது. மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும். அதற்கு ஊரிலிருந்து கோரிக்கை போக வேண்டும். வைக்கோல் போர் நனைந்து அழுகிக் கிடக்கும் ஊர்கள், எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை நாள் தீவனம் என்று எண்ணிக்கையோடு மனு கொடுத்தால் மறுப்பது எளிதல்ல.

அந்த எண்ணிக்கை ஐப்பசி பிறக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த மேட்டில் எத்தனை மாடு கொள்ளும், பள்ளி வளாகமா களமா, நடக்க முடியாத சினை மாட்டை ஏற்ற யாரிடம் டாடா ஏஸ் இருக்கிறது என்பதெல்லாம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஒரு தாளில் எழுதிக் கிராம நிர்வாக அலுவலரிடமும் கால்நடை மருந்தகத்திலும் ஒரு படி கொடுத்து வையுங்கள். ஓட்டிப்போவதைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். இருட்டில், மழைச் சத்தத்தில் மாடு மிரண்டால் இழுத்துப் போகிறவரையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

அப்படி ஓட்டிப்போக வழியே இல்லையென்றால் தும்பை அவிழ்த்துவிடுங்கள். மாடு நன்றாக நீந்தும். கட்டிக்கிடக்கும் மாடுதான் முளைக்குச்சியிலேயே மூழ்குகிறது. பட்டிப் படலையும் திறந்துவிட வேண்டும். அவிழ்த்துவிட்டால் காணாமல் போய்விடும், நிவாரணமும் கிடைக்காது என்று பயந்து கட்டிப்போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. பால் கறக்கும் கலப்பின மாடு சந்தையில் 37,500-க்குக் கிடைக்குமா? கட்டிப்போட்டுச் சாகவிடுவது கணக்குப்படியும் நட்டம். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி, பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவதும் குற்றம்தான். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்று இருப்பதால் அந்தச் சட்டத்துக்கு யாரும் பயப்படுவதில்லை.

விலை வித்தியாசத்தை ஈடுகட்டக் காப்பீடு ஒன்றுதான் வழி. தேசியக் கால்நடை இயக்கத்தில் உரிமையாளர் கட்ட வேண்டிய பிரீமியப் பங்கை 2024-இல் 15 சதவீதமாகக் குறைத்தார்கள். மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கும். அதற்கும் காது வில்லை வேண்டும். இறந்த செய்தியைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே சொல்ல வேண்டும்.

மனு கொடுத்து இரண்டு மாதமாகியும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே மனுவுக்கு எண் தருவார்கள். முதல் மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு, மருத்துவர் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறியதால் திரும்பிப்போன பணம்தானா என்பதை முதலில் கேளுங்கள். அப்படியென்றால் புது மனு தேவையில்லை, எண்ணைத் திருத்தினாலே போதும்.